கூரையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

பழைய பாப்-அப் கேம்பர் ஒன்றைப் பிரித்துப் புதுப்பிக்கிறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி, "உள்ளே என்ன கலர் அடிக்கப் போகிறீர்கள்?" என்பதுதான். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. பார்க்கக் கிடைக்கிற படங்கள் எல்லாம் வெள்ளைச் சுவர், மரப்பலகை மேசை, மஞ்சள் விளக்கு, மெத்தைமேல் ஒரு நாய் என்றுதான் இருக்கின்றன. இந்த வேலையில் முக்கால்வாசியை விழுங்குகிற இரண்டு சமாச்சாரங்கள் அந்தப் படங்களில் தெரிவதில்லை: எடை, ஈரம். பணம், நேரம், முதுகுவலி எல்லாமே இந்த இரண்டுக்கும்தான் போகின்றன.

தெரியாதவர்களுக்காக: இது பிக்கப் டிரக்கின் பின்தொட்டிக்குள் உட்காரும் ஒரு பெட்டி. டிரெய்லரைப் போல இழுத்துக்கொண்டு போவதில்லை, இதற்கென்று தனிச் சக்கரம் கிடையாது. பெட்டியின் அடிப்பாகம் தொட்டிக்குள் இறங்கும். ஓட்டுநர் கேபினுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி படுக்கை. வண்டி ஓடும்போது கூரை இறங்கி, மூடி போட்ட மாதிரி இருக்கும். போய் நிறுத்திய பிறகு கூரையை மேலே தூக்கினால், மடிந்து கிடந்த துணிச்சுவர் விரியும். உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். உயரம் குறைவு என்பதால் ஓட்டும்போது காற்று அதிகம் தடுக்காது. எடை தாழ்வாக இருப்பதால் வளைவில் வண்டி சாய்வதும் குறைவு.

இந்த யோசனை ஒன்றும் புதிதில்லை. துணியே இல்லாமல், கெட்டிச் சுவர் கொண்ட மேல்பாதி கீழ்ப்பாதியின்மேல் ஹைட்ராலிக்கில் இறங்கி ஏறும் அலாஸ்கன் கேம்பர் 1950-களிலேயே அமெரிக்காவில் வந்துவிட்டது. 1972-இல் தொடங்கிய ஃபோர் வீல் கேம்பர்ஸ், அலுமினியச் சட்டத்தைப் பற்றவைத்துத் துணிச்சுவர் வைக்கும் இலகுவான வகையைப் பிரபலமாக்கியது. மரச்சட்டத்தில் கட்டிய கேம்பர்களும் ஏராளம். பழைய சந்தையில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் அவைதான். என்னிடம் இருப்பதும் மரம்.

சரி, எடைக்கு வருவோம். கேம்பரைப் பார்க்கப் போகும் முன் உங்கள் டிரக்கின் ஓட்டுநர் கதவைத் திறந்து, பக்கத்துத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் இருக்கும். விளம்பரத்தில் சொல்லும் இழுவைத் திறன் வேறு, இது வேறு. நாலு டன் இழுக்கிற டிரக் தன் முதுகில் முக்கால் டன்னைக்கூடச் சுமக்காமல் போகலாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஸ்டிக்கரில் 680 கிலோ என்று இருக்கிறது. கேம்பரின் வெற்று எடை 450 கிலோ. இரண்டு பேர் 150 கிலோ. மீதி 80. தண்ணீர்த் தொட்டி 75 லிட்டர் என்றால் அதை நிரப்பினாலே 75 கிலோ போச்சு. மிஞ்சிய 5 கிலோவில்தான் பேட்டரி, கேஸ் சிலிண்டர், படுக்கை, துணிமணி, பாத்திரம், கருவிப்பெட்டி எல்லாம் அடங்க வேண்டும். இத்தனைக்கும் நான் எடுத்துக்கொண்டது இலகுவான கேம்பர். போதாததற்கு, விற்பவர் சொல்லும் வெற்று எடையில் மூலை ஜாக்கி (பெட்டியை டிரக்கிலிருந்து தூக்கி நிறுத்தும் கால்), பக்கப் பந்தல், இரண்டாவது பேட்டரி போன்றவை பல சமயம் சேர்ந்திருக்காது. தயாரிப்பாளரின் தாளில் இருப்பது எந்தக் கூடுதல் சாமானும் வைக்காத பெட்டியின் எடை.

அதனால் பெட்டியை ஏற்றிக்கொண்டு ஒரு எடை மேடைக்குப் போய்விடுவது நல்லது. மொத்த எடை மட்டும் தெரிந்தால் போதாது. முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் தனித்தனியாக நிறுத்துப் பார்க்க வேண்டும். கேம்பரின் எடைமையம் பின் அச்சுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். பின்னால் தள்ளி விழுந்தால் முன்சக்கரத்தின் மேல் சுமை குறைந்து, ஸ்டியரிங் மிதக்கிற மாதிரி ஆகிவிடும். பழைய கேம்பர்களுக்கு வெளிப்பக்கத்தில் எடைமையக் குறி ஒட்டியிருப்பார்கள். அதன்மேல் யாராவது பெயின்ட் அடித்திருந்தால் சுரண்டிக் கண்டுபிடியுங்கள், பலன் உண்டு. பின்சுவரில் ஒரு பெரிய அலமாரி அடித்தால் என்ன என்று தோன்றும்போதெல்லாம் எனக்கு அந்தக் குறிதான் ஞாபகத்துக்கு வரும்.

அடுத்தது ஈரம். மரச்சட்டக் கேம்பர் ஒன்றை வாங்கினால் உள்ளே எங்கோ மரம் மக்கியிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எங்கே, எவ்வளவு என்பதுதான் கேள்வி. தண்ணீர் மேலே நுழையும், கீழே தங்கும். கூரை ஓரத்துப் பட்டியின் திருகு ஓட்டை, முன்பக்கம் மேலே இருக்கும் சின்ன எல்லை விளக்குகள், ஜன்னலின் மேல்மூலை, ஜாக்கி மாட்டும் போல்ட்டுகள் என இவை நுழைவாசல்கள். ஆனால் மரம் கெட்டுப்போவது அங்கே இருக்காது. படுக்கைப் பகுதியின் அடிவிளிம்பில், கீழ் மூலைகளில், கதவுப்படிக்கு அடியில் போய்ப் பார்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரிகிற கறையை நம்ப வேண்டாம். உள்சுவரில் புதிதாக ஒட்டிய தாள் இருந்தால் அதை நம்பவே வேண்டாம். ஒரு குத்தூசியை எடுத்து மூலைகளில் அழுத்திப் பாருங்கள். நல்ல மரம் ஊசியைத் திருப்பித் தள்ளும். மக்கிய மரத்தில் ஊசி சத்தமே இல்லாமல் இறங்கும். ஈரமானி இருந்தால் இன்னும் நல்லது. சுமார் 15 சதவீதத்துக்குக் கீழே என்றால் கவலை இல்லை. 20-ஐத் தாண்டினால் பூஞ்சை வேலையைத் தொடங்கப் போதுமான ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

என் பெட்டியில் படுக்கைப் பகுதியின் முன் கீழ்மூலையில் அலுமினியத் தகட்டைக் கழற்றினேன். மூலைப்பட்டியைப் பிடித்திருந்த திருகுகளில் பாதிக்குத் தலை மட்டும்தான் மிச்சம். தண்டு துருவாகி மரத்துக்குள்ளேயே கரைந்துவிட்டிருந்தது. தகடு விலகியதும் உள்ளே இருந்த சட்டம் கருத்து, விரலால் கிள்ளினால் நார் நாராகப் பிரிந்து வந்தது. அந்த நாரைக் கையில் பிழிந்தால் தண்ணீர். மழை பெய்து வெகு நாளாகியிருந்தது. வெளியே தகடு, உள்ளே பிளைவுட், நடுவில் ஃபோம். ஈரம் ஒருமுறை உள்ளே போனால் வெளியே வர வழியே இல்லை.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இந்தப் பெட்டிகளின் சட்டம் பார்த்தால் சிரிப்பு வரும் அளவுக்கு ஒல்லி. சுமார் 19 மி.மீ.க்கு 38 மி.மீ. அளவில் ரீப்பர், ஸ்டேப்பிள் அடித்து நிறுத்தியிருப்பார்கள். "இவ்வளவு மட்டமாகவா கட்டுவார்கள்?" என்று கேட்டுவிட்டு, தடிமனான கட்டைகளை வாங்கி வந்து பதிலுக்கு வைக்கிறவர்கள் நிறைய. அது வேண்டாத வேலை. ரீப்பர் தனியாகச் சுமை தாங்குவதில்லை. ரீப்பர், ஃபோம், உள் பிளைவுட், வெளித் தகடு எல்லாம் பசையால் ஒட்டி ஒரே பலகையாகும்போதுதான் அந்தப் பலம் வருகிறது. ஆகவே பழைய அளவிலேயே நல்ல மரம் போட்டு, ஸ்டேப்பிளுக்குப் பதில் பசையும் திருகும் கொடுத்தால், ஒரு கிலோகூட ஏறாமல் முன்னைவிடப் பலமாக வரும். கெட்ட துண்டை வெட்டி எடுத்த இடத்தில் நேர்வெட்டாக முட்டவைக்காமல், இரண்டு முனையையும் நீளச் சாய்வாகச் சீவி ஒட்டுங்கள். பசை பிடிக்கும் பரப்பு பல மடங்கு கிடைக்கும்.

மக்கிய மரத்தில் எபாக்சிப் பிசின் ஊற்றிக் கெட்டியாக்கும் வித்தை, ஜன்னல் ஓரத்துச் சின்னச் சேதத்துக்குச் சரி. ஜாக்கி மாட்டும் மூலைக்கு அது ஆகாது. முழுப் பெட்டியும் நாலு ஜாக்கியில் அந்தரத்தில் நிற்கும்போது, அந்த மூலையில் இருக்கும் மரம் உண்மையான மரமாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. மக்காத மரம் என்று சொல்லி மருந்தேற்றிய கட்டையைப் போட ஆசை வரும். அதில் இருக்கும் செம்பு உப்பு, ஈரம் சேர்ந்தால் அலுமினியத்தை அரித்துவிடும். மரம் பிழைக்கும், தகட்டில் ஓட்டை விழும்.

ஒழுகும் இடத்தைத் தேட எளிய வழி தண்ணீர்க் குழாய். ஆனால் கீழிருந்து தொடங்க வேண்டும். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் கீழ் வரிசையில் சில நிமிடம் பீய்ச்சி, எதுவும் வரவில்லை என்றால் மட்டும் அடுத்த மட்டத்துக்கு ஏற வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லாமே நனைந்து, எந்த ஓட்டை என்று சொல்லவே முடியாது.

அப்புறம், விரிசலை அடைக்கும் சிலிக்கான் பசை. முந்தைய உரிமையாளர் எதையாவது அடைத்திருந்தால் அது சிலிக்கானாகத்தான் இருக்கும். எங்கும் கிடைக்கிறது, குழலை அழுத்தினால் வருகிறது, அன்றைக்கு ஒழுகல் நிற்கிறது. கொஞ்ச நாளில் ஒரு பக்கம் தோல் மாதிரி உரிந்து, அடியில் தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்ளும். அதைவிட மோசம், அது இருந்த இடத்தில் மிஞ்சும் எண்ணெய்ப் படலத்தில் வேறு எந்தச் சீலன்டும் (அடைப்புப் பசை) ஒட்டாது. ஏன், புதுச் சிலிக்கானே ஒட்டாது. சுரண்டி, துடைத்து, மறுபடி சுரண்டி எடுத்தாக வேண்டும். இந்த முழுத் திட்டத்திலும் எனக்கு எரிச்சல் மூட்டிய வேலை இதுதான். கூரை இபிடிஎம் என்ற செயற்கை ரப்பராக இருந்தால் துடைக்கும் திரவத்திலும் கவனம் தேவை. பெட்ரோலியக் கரைப்பான் பட்டால் ரப்பர் ஊதிப்போகும்.

பதிலுக்குப் போட வேண்டியது, ஜன்னல் விளிம்பு, பட்டி, விளக்கு எல்லாவற்றுக்கும் அடியில் பியூட்டைல் டேப் என்ற ஒட்டும் ரப்பர்ப் பட்டை. அது காய்ந்து கெட்டியாவதில்லை, களிம்பு பதத்திலேயே இருக்கும். திருகை ஒரே மூச்சில் முறுக்கக் கூடாது. கொஞ்சம் இறுக்கி, டேப் பிதுங்கி வழிய நேரம் கொடுத்து, மறுபடி இறுக்கி, வழிந்ததைச் சீவி எடுக்க வேண்டும். கூரையின் சமதளத்தில் இருக்கும் மூட்டுகள், திருகுத் தலைகளுக்கு மேல் தானாகப் பரவும் கூரைச் சீலன்ட். ஏன் இளகிய பொருளாகவே வேண்டும் என்றால், அலுமினியம் வெயிலில் நீளும். 3 மீட்டர் நீளப் பட்டி, இரவுக்கும் உச்சி வெயிலுக்கும் 40 டிகிரி வித்தியாசத்தில் கிட்டத்தட்ட 2.8 மி.மீ. நீண்டு சுருங்கும். அடியில் இருக்கும் மரம் அந்த அளவு நீளாது. தினமும் நடக்கும் இந்த இழுபறியில் கெட்டியாகிற பொருள் எதுவும் விரிசல் விடாமல் தப்பாது.

இப்போது எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன்: துணிச்சுவர்.

பாலியஸ்டர் நெசவின்மேல் வினைல் பூசிய துணி. நம் பழக்கத்தில் சொன்னால் நல்ல தரமான ரெக்ஸின். கூரையோடு ஒரு விளிம்பும் கீழ்ச்சுவரோடு ஒரு விளிம்பும் ஸ்டேப்பிளால் அடித்து, மேலே ஒரு பட்டியால் மூடியிருப்பார்கள். கெட்டுப்போவது துணி நடுவில் இல்லை. ஒவ்வொரு முறை கூரை இறங்கும்போதும் ஒரே மடிப்பில் மடிகிற மூலைகளிலும், தையலிலும்தான். வெயிலில் முதலில் சாவது நூல். துணி நன்றாக இருந்து தையல் மட்டும் விட்டிருந்தால், புற ஊதாக் கதிருக்குத் தாங்கும் நூலில் மறுபடி தைத்தால் போதும், முழுச் சுவரையும் மாற்ற வேண்டாம். ஜன்னல் ஜிப் சிக்கினால் பலர் எண்ணெய் போடுகிறார்கள். அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெழுகு தேயுங்கள்.

என்னுடையதில் மூலைகள் நான்கும் போயிருந்தன. அதனால் முழுதாக மாற்ற வேண்டியதாயிற்று. பழைய துணியைக் கழற்றும்போது கூரை அந்தரத்தில் நிற்கும். துணியும் கூரையைப் பக்கவாட்டில் ஆடாமல் பிடித்திருந்தது என்பது துணி போன பிறகுதான் உறைக்கும். நாலு மூலைக்கும் கட்டை கொடுத்து, குறுக்கே பட்டி அடித்து நிறுத்திவிட்டுத்தான் முதல் ஸ்டேப்பிளைத் தொட வேண்டும். ஸ்டேப்பிள் பிடுங்குவது ஒரு தனித் தவம். பாதி உடையும், உடைந்த கால் மரத்துக்குள் நிற்கும், அதைக் குறடால் கவ்வி இழுக்க வேண்டும். விட்டுவிட்டால் புதுத் துணியைக் குத்திக் கிழிக்கும்.

பழைய துணிதான் புதுத் துணிக்கு அளவு. அதை ஒருபோதும் அவசரத்தில் வெட்டித் தூக்கிப் போடாதீர்கள். முழுசாகக் கழற்றி, இடம் வலம் முன் பின் என்று அதன்மேலேயே எழுதி, ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் கூரையிலும் துணியிலும் ஒரே நேராகக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். தைப்பவர் கப்பல், பந்தல், வண்டிக் கூடாரம் தைத்துப் பழகியவராக இருந்தால் அந்தக் கோடுகளைப் பார்த்ததும் சந்தோஷப்படுவார். மாட்டும்போது நடுக்கோட்டில் தொடங்கி இரண்டு பக்கமும் சமமாக மூலையை நோக்கிப் போக வேண்டும். ஒரு மூலையில் ஆரம்பித்து ஓடினால் கடைசி மூலையில் நாலு விரல் துணி மிஞ்சும், இல்லை குறையும். துருப்பிடிக்காத ஸ்டேப்பிள் போடுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கூரை எந்த வழியில் ஏறுகிறது என்பது கேம்பருக்குக் கேம்பர் மாறும். சிலவற்றில் கைப்பிடி சுற்றி உயர்த்தும் கம்பி-புல்லி. சிலவற்றில் முன்னும் பின்னும் கீல் போட்ட மடிப்புப் பலகை. உள்ளே நின்று பின்பலகையைத் தோளாலும் கையாலும் தள்ள, அது நிமிர்ந்து பூட்டிக்கொள்ளும். பிறகு படுக்கையில் தவழ்ந்துபோய் முன்பலகை. தூக்கும் முன்பும் இறக்கும் முன்பும் கூரையில் இருக்கும் காற்றுத் துவாரத்தைத் திறந்துவிட வேண்டும். திறக்காமல் தூக்கினால் துணி உள்ளே உறிஞ்சிக்கொண்டு கூரை இரண்டு மடங்கு கனக்கும். இறக்கும்போது மூடியிருந்தால் துணி வெளியே உப்பி, கூரை விளிம்புக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டி நசுங்கும். வெளிப்பக்கம் சுற்றி ஒரு எலாஸ்டிக் கயிறு கட்டினால், இறங்கும்போது துணி தானாக உள்ளே மடியும். வேலை சுலபம், பலன் பெரிது.

கூரையில் என்ன வைக்கலாம் என்ற கேள்விக்குப் பதிலும் இங்கேதான் இருக்கிறது. ஒரு 100 வாட் கண்ணாடி சோலார் பேனல் 6 முதல் 8 கிலோ. இரண்டு பேனல், அவற்றுக்கான கம்பி, ஒரு மின்விசிறி, அதற்குமேல் சாமான் கேரியர் என்று ஒவ்வொன்றும் நியாயமாகவே தோன்றும். கூட்டினால் 30 கிலோ வரும். அதை மழையில், இருட்டில், நாள் முழுக்க ஓட்டிய களைப்பில், குனிந்த நிலையில் தோளால் தள்ள வேண்டும். பக்கத்தில் நிற்பவர் கூரையில் எதையாவது சேர்க்கச் சொன்னால், முதலில் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்பேன். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

கேஸ் ஸ்ட்ரட் (கார் டிக்கி மூடியைத் தூக்கிப் பிடிக்கும் தண்டு மாதிரியானது) போட்டால் தூக்குவது லேசாகும். ஆனால் அதற்கும் ஒரு குணம் உண்டு. உள்ளே இருப்பது அழுத்திய வாயு. குளிர்ந்தால் அழுத்தம் குறையும். 20 டிகிரியில் தூக்கும் பலம், மைனஸ் 10 டிகிரியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். குளிரை மனதில் வைத்துப் பலமான ஸ்ட்ரட் போட்டால், வெயில் காலத்தில் கூரை இறங்க மறுத்து, தொங்கி இழுக்க வேண்டிவரும். ஒரே ஒரு இலகுவான பேனலைக் கூரையில் நிறுத்திக்கொண்டு, இன்னொன்றைத் தரையில் விரித்து வைக்கலாம் என்பது என் முடிவு. வண்டி நிழலிலும் பேனல் வெயிலிலும் இருக்கலாம் என்ற வசதி உபரி.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் வேலை விளக்கு. பழைய குமிழ் விளக்கு ஒன்று 18 வாட் போலக் குடிக்கும், எல்இடி இரண்டு மூன்று வாட்டில் அதே வெளிச்சம். பேட்டரியைப் பெரிதாக்கும் முன் இதைச் செய்யுங்கள். ஈய அமில பேட்டரியில் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம், எடையும் பாதிக்கும் குறைவு. எடையைப் பற்றி இவ்வளவு பேசிய பிறகு எதைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல வேண்டாம். ஆனால் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது, உள்ளே லித்தியம் படிந்து செல் கெட்டுவிடும். அதனால் வெளிப்பெட்டியில் வைக்காமல் உள்ளே, இருக்கைக்கு அடியில் வைத்தேன். ஓடும்போது டிரக்கிலிருந்து சார்ஜ் ஏற்ற, கரன்ட்டை அளவோடு விடும் டிசி-டிசி சார்ஜர் தேவை. நேராக இணைத்தால் லித்தியம் கிடைக்கிற கரன்ட்டையெல்லாம் இழுத்து டிரக்கின் ஆல்டர்னேட்டரை (எஞ்சினோடு ஓடும் மின்னாக்கியை) சூடாக்கும். பேட்டரியிலிருந்து கிளம்பும் வயரில் ஃபியூஸ், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். ஃபியூஸ் காப்பாற்றுவது தனக்கு அப்பால் இருக்கும் வயரைத்தான்.

ஃபிரிட்ஜ் விஷயத்தில் எனக்கு மனசு கேட்கவில்லை. பழைய கேம்பர்களில் இருப்பது கேஸ், 12 வோல்ட், வீட்டு மின்சாரம் மூன்றிலும் ஓடும் உறிஞ்சல் வகை. ஸ்வீடனில் பால்ட்சார் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் 1922-இல் கண்டுபிடித்த முறை. அசையும் பாகமே இல்லை. சின்னத் தீயை வைத்துக் குளிர் உண்டாக்குகிறது. நினைத்துப் பார்த்தால் இன்றைக்கும் வியப்புதான். ஆனால் வண்டி சமமாக நிற்காவிட்டால் உள்ளே அம்மோனியாக் கரைசல் சரியாக ஓடாது, ரசமட்டம் வைத்துப் பார்த்து நிறுத்த வேண்டும். 12 வோல்ட்டில் ஓடவிட்டால் 10 ஆம்பியருக்குமேல் விடாமல் இழுக்கும். கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஓடும்போது 50 வாட் அளவில்தான், அதுவும் விட்டு விட்டு. மாற்றிவிட்டேன். வெளிச்சுவரில் இருந்த இரண்டு காற்றுத் துவாரத்தையும் அடைக்க முடிந்தது. தண்ணீர் நுழைய இரண்டு வாசல் குறைந்தது.

கேஸ் அடுப்பு அப்படியே இருக்கிறது. புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் கசிவு எச்சரிக்கைக் கருவியைத் தரைக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். சிலிண்டர் அறையின் அடியில் வெளியே திறக்கும் ஓட்டை இருக்கும். சாமான் வைக்கும் ஜோரில் அதை யாரும் அடைத்துவிடக் கூடாது. கசிவுக் கருவிக்குக் காலாவதி தேதி உண்டு, பழைய கேம்பரோடு வருவது அநேகமாக அதைத் தாண்டியிருக்கும். கார்பன் மோனாக்சைடு கருவி தனி. பழைய ரெகுலேட்டரையும் ரப்பர் குழாயையும் யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். இந்த இடத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

அடுப்புக்கும் ஈரத்துக்கும் சம்பந்தம் உண்டு. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளியே வரும். உள்ளே திறந்த தீயில் குளிர் காய்பவர்கள், தங்கள் தலைக்குமேல் இருக்கும் அலுமினியக் கூரையில் மழையைத் தயாரிக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடு ஆபத்து அதற்குமேல். புகையையும் ஆவியையும் வெளியே விடும் ஹீட்டர்தான் படுக்கிற இடத்துக்கு ஏற்றது. இரண்டு பேர் மூச்சு விட்டாலே காலையில் துணிச்சுவர் நனைந்திருக்கும். உள்பக்கம் தொங்கவிடும் காப்புத் திரையும், இரவு முழுக்க ஒரு விரல் அகலம் திறந்த துவாரமும் சேர்ந்தால் குறையும். மெத்தைக்கு அடியில் காற்று ஓடச் சட்டம் அல்லது வலைப்பாய் போடாவிட்டால், பலகையும் மெத்தையும் தொடும் இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். கூரை ஒழுகலை எல்லாம் அடைத்துவிட்டு, இதில் மரத்தைப் பறிகொடுத்தவர்கள் உண்டு.

உள் அலங்காரம்? செய்தேன். கலர், வெளிர் சாம்பல். அதைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். அலமாரிகளில் பாதியை எடுத்துவிட்டேன். கதவுகளுக்குப் பதில் துணித் திரை. மேசைக்கு மெல்லிய பிளைவுட்டின் இரண்டு பக்கமும் மைக்கா ஒட்டி, நடுவில் ஃபோம். 18 மி.மீ. பிளைவுட் ஒரு முழுப் பலகை 25 கிலோவுக்கு மேல் வரும் என்பது தெரிந்த பிறகு, கடையில் அதன் பக்கம் திரும்பவே தோன்றவில்லை. அட்டகாசமான இழுப்பறைகளும் கதவுகளும் உள்ள கேம்பர்களைப் பார்த்தால் எனக்கும் ஆசை வரும். ஆனால் இழுப்பறையின் உலோகத் தண்டவாளத்தை மட்டும் கையில் தூக்கிப் பாருங்கள், ஆசை கொஞ்சம் இறங்கும்.

பக்கப் பந்தல் இன்னும் முடிவாகவில்லை. பெட்டிக்குள் சுருளும் வகை வசதிதான், ஆனால் ஒரே பக்கத்துச் சுவரில் 15, 20 கிலோ தொங்கும், அதற்கு உள்ளே தனியாகப் பட்டி வைக்க வேண்டும், சுவரில் புதிதாகப் போல்ட் ஓட்டைகள். இத்தனை ஓட்டையை அடைத்த கையால் மறுபடி துளைக்க மனசு வரவில்லை. இப்போதைக்கு ஒரு தார்ப்பாயும் இரண்டு கம்பும் வண்டியில் கிடக்கின்றன.

எல்லாம் முடிந்து டிரக்கில் ஏற்றும்போது தொட்டியில் ரப்பர் விரிப்பு போட மறக்க வேண்டாம். வெறும் தகட்டின்மேல் பெட்டி வழுக்கும், விரிப்பு பிடித்துக்கொள்ளும். பெட்டியை வண்டியோடு இழுத்துப் பிடிக்கும் நாலு டர்ன்பக்கிள் (முறுக்கி இறுக்கும் திருகு இணைப்பு) மாட்டும் கொக்கிகள் தொட்டியின் மெல்லிய தகட்டில் இருக்கிறதா, வண்டியின் சட்டத்தில் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். தகட்டில் என்றால் பின்னால் பெரிய தாங்கு தகடு கொடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிழியும். ரொம்பவும் முறுக்கினாலும் பெட்டியின் அடிச்சட்டம் வளையும். கையால் இறுக்கி, அதற்குமேல் ஒரு சுற்று போதும். கிளம்பி 50 கிலோமீட்டர் போனதும் நிறுத்தி நாலையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பெட்டி தொட்டியில் படிந்து உட்கார்ந்ததில் ஏதாவது ஒன்று கட்டாயம் தளர்ந்திருக்கும். பெரும்பாலும் பின்பக்கத்தில், ஓட்டுநர் பக்கம் இல்லாத அந்த ஒன்று.